மூடி போடாத சோறு

“ரெண்டும் சோறுதான பிள்ள” என்றார் ஜெபசீலன். “ரெண்டுலயும் எறா கெடக்கு, கோழி கெடக்கு, சாசேஜ் கெடக்கு. ஒண்ணு செவப்பு, ஒண்ணு மஞ்சள். இதுக்குப் போயி தனி ஆளு, தனி அடுப்பு, தனி அரிசி. ஒரே அண்டாவுல போட்டு எறக்கினா என்ன குடி முழுகிரும்?”

“மஞ்சள்ல சாசேஜ் கிடையாது சார்” என்றாள் ஜினி. “போட்டா அந்த ஸ்பெயின்காரங்க தட்டைத் திருப்பி அனுப்பிருவாங்க.”

“வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல.”

ஷார்ஜா தொழில்பேட்டையில், டயர் குடோனுக்கும் அலுமினியப் பட்டறைக்கும் நடுவில் இருந்த கேட்டரிங் கம்பெனிக்கு ஜெபசீலன் மேனேஜர். நாசரேத்துக்காரர். ஜினி அங்கே தரம் பார்க்கிற வேலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தொண்ணூற்று ஐந்து, மே மாதம். வெளியில் நின்றால் செருப்பு தாரோடு ஒட்டும்.

கம்பெனியிலிருந்து பதினொரு கேம்ப்புகளுக்குச் சாப்பாடு போனது. அதில் இரண்டு மட்டும் தனி. ஒன்றில் எண்ணெய்க் கிணறு தோண்ட வந்த அமெரிக்கர்கள். பெரும்பாலோர் லூசியானா பக்கத்து ஆட்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்களுக்கு ஜம்பலாயா வேண்டும். இன்னொன்றில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்கும் ஆலை கட்ட வந்த ஸ்பெயின் இன்ஜினியர்கள். அவர்களுக்கு அதே நேரத்தில் பயெல்லா வேண்டும். வாயில் நுழையாத இந்தப் பெயர்களைக் கிச்சனில் யாரும் சொல்வதில்லை. முன்னது மூடிச் சோறு. பின்னது திறந்த சோறு. இரண்டையும் செய்தவர் ஒரே ஆள், கௌஸ் முகைதீன், காயல்பட்டினம்.

“அடுத்த வெள்ளிக்கு மறு வெள்ளி, மத்தியானம் ஒண்ணரைக்கு ரெண்டு கேம்ப்பில இருந்தும் ஆளு வாராங்க. ருசி பாக்கட்டும். நீ ரெண்டையும் ஒப்பிட்டு ரிப்போர்ட் எழுதி கையெழுத்துப் போட்டுக் குடு. ஒண்ணுதான்னு வந்துட்டா கௌஸ் பாய் விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிரலாம். பிரியாணி போடுத பெங்காலியே ரெண்டு கேம்ப்புக்கும் ஒரு அண்டா எறக்கிருவான்.”

“ஒண்ணு இல்லைன்னு வந்தா?”

“அப்ப இருக்கட்டும், யாரு வேண்டான்னா. ஆனா நாக்கு உள்ளவன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான்.”

ஜினிக்குச் சுருக்கென்றது. ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்ற சொல்லை அவள் சும்மா கேட்டுப் பழகியவள் அல்ல, பட்டுப் பழகியவள். குமரி மாவட்டத்துக் கடற்கரையிலிருந்து அவள் கல்லூரி வகுப்புக்குப் போனவர்கள் இரண்டே பேர். அவளும் அற்புதராணி என்ற இன்னொருத்தியும். ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை. மூன்று வருடமும் பேராசிரியை இரண்டு பேரையும் ஒரே பெயரில்தான் கூப்பிட்டார். பட்டமளிப்பு மேடையில் அற்புதராணியின் சான்றிதழைத்தான் இவள் கையில் கொடுத்தார்கள். ஜினியின் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் அவள். அந்த முதல் காகிதத்திலேயே வேறொருத்தி பெயர்.

இரண்டு சோறும் ஒன்றில்லை என்று நிரூபிக்காமல் விடுவதில்லை என்று அந்த அறையை விட்டு வெளியே வரும்போதே முடிவு செய்துவிட்டாள். ஒரு மனுசனின் பிழைப்பு அதில் தொங்குகிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

வெளியே பாஸ்கர் பிடித்துக்கொண்டான். மன்னார்குடிக்காரன். ஸ்டோரும் அட்டெண்டன்ஸும் அவன் பொறுப்பு.

“மேடம், கௌஸ் பாய்கிட்ட நீங்களாவது சொல்லுங்க. வெள்ளிக்கிழமை ஆனா ரெண்டு தடவை இன் குத்துறாரு. காலைல ஏழுக்கு ஒண்ணு. மத்தியானம் பன்னெண்டு முப்பத்தொண்ணுக்கு ஒண்ணு. நடுவுல அவுட்டே இல்ல. வெளிய போகாத ஆளு எப்படிங்க திரும்ப உள்ள வருவாரு?”

“அந்நேரம் ஜும்மாவுக்குல்லா போயிருப்பாரு?”

“அதான் கேக்குறேன். எல்லாரும் பள்ளிவாசல்ல. ஷட்டர் பூட்டியிருக்கு. கார்டு மட்டும் குத்தியிருக்கு. ஜனவரில லீவு முடிஞ்சு வந்ததுலேருந்து இந்தக் கூத்து. வாரம் தவறாம அதே நிமிஷம். மெஷினுக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சுன்னு ஆளைக் கூப்பிட்டுப் பாத்தேன். மெஷின் சரியாத்தான் இருக்காம்.”

கிச்சனின் பின்கதவை ஒட்டிச் சுவரில் இருந்த மெஷின் அது. கார்டைச் செருகினால் ‘டக்’ என்று நேரத்தைக் குத்தித் தரும். ஜினி கார்டை வாங்கிப் பார்த்தாள். கருநீலத்தில் ஒரே நேராக இறங்கியிருந்தது: 12:31, 12:31, 12:31.

அந்த வெள்ளிக்கிழமை, வழக்கமாக லீவு எடுக்கிற நாளில், அவள் நோட்டோடு கிச்சனுக்குப் போனாள்.

கௌஸ் முகைதீனுக்கு நாற்பதை நெருங்கிய வயது சொல்லும் பாஸ்போர்ட். ஆளைப் பார்த்தால் அவ்வளவு தெரியாது. தாடி வைத்த, அதிகம் பேசாத மனுசன். ஜினி டிசம்பரில் சேர்ந்தபோது அவர் லீவில் இருந்தார். அவரைப் பற்றிக் கேள்விப்பட்டதுதான் அதிகம். கப்பலில் சமையல்காரராகப் போனவர், சிவப்புச் சோற்றை அமெரிக்கத் துறைமுகத்திலும் மஞ்சள் சோற்றை ஸ்பெயின் துறைமுகத்திலும் கற்றுக்கொண்டவர், பிறகு இங்கே பதினாலு வருடம் ஒரே அடுப்பில் நின்றவர்.

முதலில் மூடிச் சோறு. மாட்டு சாசேஜும் கோழியும் அடியில் சிவந்து பிடிக்கும்வரை வதக்கினார். வெங்காயம், குடைமிளகாய், செலரி மூன்றும் ஒன்றாய் விழுந்தன. அடியில் பிடித்ததையெல்லாம் அகப்பையால் சுரண்டிச் சாற்றிலேயே கரைத்தார். தக்காளி, மிளகாய்த்தூள், நீள அரிசி, கடைசியில் இறா. அடியோடு புரட்டி, கனமான மூடியைப் போட்டு, தணலில் விட்டார். கை தயங்கவே இல்லை. அது பிரியாணிக்குச் சித்தப்பா மகன். பிரியாணி போடும் நம்மூர்ப் பண்டாரி எவனும் அரை நாளில் பழகிவிடுவான்.

திறந்த சோற்றுக்கு வந்தபோது கை மாறியது. இரண்டு காது வைத்த அகல இரும்புச் சட்டி. ஆழம் நாலு விரல் இருக்காது. எண்ணெய், பூண்டு, கோழி, பீன்ஸ், தக்காளி. மீன்தலை வேகவைத்த தண்ணீர், அதில் கரைத்த குங்குமப்பூ. பிறகு குட்டை குட்டையான எகிப்து அரிசியைச் சட்டி முழுக்கத் தூவினார். இதற்குப் பிறகு தொடக்கூடாது. கிளறக்கூடாது, மூடக்கூடாது. பத்து நிமிஷம் பெருந்தீ, எட்டு நிமிஷம் சிறுதீ, கடைசி இரண்டு நிமிஷம் மறுபடி பெருந்தீ. அடியில் படபடவென்று பொரிகிற சத்தம் வந்ததும் அணைக்க வேண்டும். அடியில் மெல்லிய காந்தல் பிடித்திருக்க வேண்டும். நம்மூரில் அடி பிடித்தால் சமையல்காரனுக்கு அவமானம். அவர்களுக்கோ அந்தக் காந்தல்தான் மரியாதை. அதற்காகக் கரண்டிச் சண்டை போடுவார்கள்.

தொடக்கூடாத அந்தச் சோற்றின் முன்னால் கௌஸ் முகைதீனின் வலது கை இரண்டு தரம் அகப்பைக்குப் போனது. ஒரு தரம் மூடிக்குப் போனது. மூன்று தடவையும் சூடு பட்டாற்போலத் திரும்பி வந்தது. ஜினி நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மணி பன்னிரண்டு இருபது. அவர் தொப்பியை எடுத்தார்.

“தங்கச்சி நீங்களும் வெளிய வாங்கோ. கதவப் பூட்டணும்.”

“நான் இங்கதான் இருப்பேன் பாய். தீயைக் குறைக்கணும்ல?”

“அது… அது ஆயிரும்.”

“தீ எப்படித் தானா ஆகும்?”

அவர் சட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வேகமாகப் போய்விட்டார். பெங்காலியும் பாத்திரம் கழுவுகிறவர்களும் அவர் பின்னாலேயே போனார்கள். ஷட்டர் இறங்கியது.

தொழில்பேட்டையில் வெள்ளிக்கிழமை மத்தியானம் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆறு நாளும் வெல்டிங்கும் லாரியும் ஹாரனுமாகக் காதைக் கிழிக்கிற இடம், அந்த ஒரு மணி நேரம் மூச்சை நிறுத்திக்கொள்ளும். ஒரு காக்கா கூடக் கத்தாது. தூரத்துப் பள்ளிவாசல் மைக்கில் குத்பா பிரசங்கம் மட்டும் அலையலையாக வரும், காற்று திரும்பினால் அதுவும் நிற்கும். சட்டி கொதிக்கிற சத்தமும் அவள் பேனா சத்தமும்தான் கேட்டன.

டக்.

பாஸ்கர் வந்திருக்கிறான் என்று நினைத்தாள். “பாஸ்கர்?” என்றாள். பின்கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தது. மெஷினுக்கு மேலே கடிகார முள் 12:31-ல் நின்றது. கௌஸ் முகைதீனின் கார்டு, கடைசியாக எடுத்து வைத்த கார்டு எப்படித் துருத்திக்கொண்டிருக்குமோ அப்படி, வரிசையில் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பியபோது அடுப்பில் தீ சிறுத்திருந்தது.

கேஸ் தீர்ந்திருக்கும் என்று பக்கத்து அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தாள். குப்பென்று ஆளுயரம் எரிந்தது. அதை அணைத்தாள். திறந்த சோற்றின் அடுப்புக் குமிழைக் குனிந்து பார்த்தாள். அது பாதி திரும்பியிருந்தது. அதன்மேல் எண்ணெய்க் கையால் தொட்ட பளபளப்பு.

ஜினி ஓடவில்லை. ஓடுகிற ஆள் இல்லை அவள். ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப்போட்டு, முதுகைச் சுவரில் வைத்துக்கொண்டு, சட்டியை விட்டுக் கண் எடுக்காமல் உட்கார்ந்தாள். ஆனால் கண்ணுக்கு எரிச்சல் வரும். ஒரு தடவையாவது இமைக்க வேண்டும். எட்டாவது நிமிஷம் அப்படி இமைத்துத் திறந்தபோது தீ பெருத்திருந்தது. அடியில் படபடவென்று பொரிந்தது. மீன் மணமும் குங்குமப்பூ மணமும் தாண்டி இன்னொரு மணம் வந்தது. கற்பூரமும் அத்தரும் கலந்த மணம். பிறகு தீ அணைந்தது.

ஒன்றேகாலுக்கு அவர் திரும்பி வந்தார். வந்தவர் அவளைப் பார்க்கவில்லை. சட்டியைத்தான் பார்த்தார். தோள் இரண்டும் தளர்ந்தன.

“தீயைக் கொறச்சது யாரு?” என்றாள் ஜினி.

“கேஸு கொறஞ்சிருக்கும்.”

“கேஸ் குறையும். குமிழைத் திருகுமா?”

அவர் தொப்பியைக் கழற்றி, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“பதினாலு வருஷமா மூடி போடாமச் சோறாக்கின கை, இன்னைக்கு மூடியைத் தேடுச்சு பாய். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க கௌஸ் முகைதீன் இல்ல. நீங்க யாரு?”

அவர் பின்கதவைப் பார்த்தார். மற்றவர்கள் வெளியே வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“மெல்லப் பேசுங்கோ” என்றார். “கௌஸ் முகைதீன் எங்க காக்கா. நான் அவருக்கு நேர் எளையவன். கலீலுர் ரஹ்மான்.”

அண்ணனைக் காக்கா என்றுதான் அந்த ஊரில் சொல்வார்கள் என்பது ஜினிக்குத் தெரியும்.

நின்றபடியே சொன்னார். காக்கா டிசம்பரில் லீவுக்கு வந்தார். வந்த பத்தாம் நாள், சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். விசா மட்டும் உயிரோடு இருந்தது. திரும்பி வர இன்னும் அஞ்சு வாரம் கெடு. வாப்பாவும் மாமாவும் உட்கார்ந்து யோசித்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே முகம். தலை மாற்றுகிற வேலைகூட இல்லை. பாஸ்போர்ட்டில் படத்தைத் தொடவே வேண்டாம், தாடி வளர்த்தால் போதும். அவர் லீவில் இருந்தபோது கம்பெனி, ஆட்கள் தங்கியிருந்த பழைய கேம்ப்பைக் காலி செய்து அவர்களை நாலு இடத்துக்குப் பிரித்துப் போட்டிருந்தது. அதனால் பழைய ரூம்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. மேனேஜர் சமையல்காரன் முகத்தை என்றைக்குப் பார்த்தார்?

“அவர் மௌத்தானது ஊருக்குத் தெரியும். இங்க யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது. இங்க நான் அவருக்காக ஒரு ஃபாத்திஹா ஓத முடியல தங்கச்சி. நாப்பதாம் நாளு கக்கூஸுக்குள்ள போய் நின்னு வாய்க்குள்ளயே ஓதினேன். யாராச்சும் ‘கௌஸ் பாய்’ன்னு கூப்பிட்டா நான் ‘என்னா’ங்கிறேன். அவரும் கேட்டுக்கிட்டுத்தானே இருப்பாரு?”

“அப்ப…”

“மொத வெள்ளிக்கெழமை. செவப்புச் சோறு ரெசிப்பி எழுதின கார்டைப் பாத்து ஆக்கிட்டேன். மஞ்சளு எனக்கு வரல. அரிசியைப் போட்டுட்டு, கருகட்டும், கருகினதும் கேன்சல் பண்ணட்டும்னு ஜும்மாவுக்குப் போயிட்டேன். வந்து பாத்தா…” சட்டியைக் காட்டினார். “இப்படி இருந்துச்சு. அவரு ஆக்கின மாதிரியே. வெள்ளிக்கெழமை மௌத்தானவங்க ரூஹு வீட்டுக்கு வரும்பாங்கோ எங்க ஊர்ல. அவரு வீட்டுக்குப் போகல. டூட்டிக்கு வர்றாரு. பதினாலு வருஷத்துல அஞ்சு தடவதான் வீட்டுக்குப் போயிருக்காரு. அவருக்கு வழி தெரிஞ்ச எடம் இதுதான்.”

ஜினிக்கு முதலில் வந்தது பயம் இல்லை. கோபம். அவள் அப்பா பஹ்ரைனில் ஒரு அரபியின் விசைப்படகில் பதினோரு வருடமாக மீன் பிடிக்கிறார். அவளுக்கு அப்பா என்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் வரும் முப்பது நாள்.

“அவர்ட்ட யாராவது சொன்னீங்களா?” என்றாள்.

“என்னான்னு?”

“செத்துட்டீங்கன்னு.”

அவர் முகம் சுருங்கியது. “சொல்லிட்டா அவரு வரமாட்டாரு. வரலன்னா நான் போகணும். மூணு கொமருப் பொண்ணு இருக்கு அவருக்கு. எனக்கு ரெண்டு. அடுத்த வெள்ளி முடியட்டும் தங்கச்சி. அந்த ருசி பாக்கிறது மட்டும் முடிஞ்சிரட்டும். பொறவு நானே ஓதி, நானே சொல்லி அனுப்புறேன். அதுவரைக்கும் நீங்க வாயத் தொறக்காதீங்கோ.”

“நான் எதுக்குத் தொறக்கப் போறேன்” என்றாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள்.

அன்று ராத்திரியே உட்கார்ந்து ரிப்போர்ட்டை எழுதினாள். ஒன்று கிளறிச் சமைப்பது, ஒன்று தொடாமல் சமைப்பது. ஒன்றில் அரிசி சாற்றையெல்லாம் குடித்து உப்ப வேண்டும், ஒன்றில் மேலே உதிரியாகவும் அடியில் பொருக்காகவும் நிற்க வேண்டும். ஒன்றின் ருசி மூடிக்குள் அடங்குகிறது, இன்னொன்று ஆவியை விட்டுவிட்டால்தான் ருசிக்கிறது. எனவே இரண்டும் ஒன்றல்ல. கையெழுத்தைப் பெரிதாகப் போட்டாள்.

மறு வெள்ளி கலீல் காலையிலிருந்தே தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சிவப்புச் சோறு முடிந்தது. பன்னிரண்டு இருபதுக்கு மஞ்சள் சட்டியில் அரிசியைத் தூவிவிட்டு, ஜினியிடம் ஒரு வார்த்தை பேசாமல் கையை மட்டும் கும்பிடுகிற மாதிரி சேர்த்துக் காட்டிவிட்டுப் போனார்.

ஷட்டர் இறங்கியது. குத்பா கேட்டது, நின்றது. ஜினி சுவரோரம் நின்றுகொண்டாள். ஸ்டூலை அடுப்புக்குப் பக்கத்திலேயே விட்டிருந்தாள்.

டக்.

இந்தத் தடவை அவள் திரும்பவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். இமைத்த நேரத்தில் தீ சிறுத்தது. அதே கற்பூர மணம். அதன் பிறகுதான் அவள் போன வாரம் கேட்காததைக் கேட்டாள். போன வாரம் அந்த ஸ்டூலில் அவளே உட்கார்ந்திருந்தாள்.

பிளாஸ்டிக் ஸ்டூல் முனகியது. ஒரு கனமான ஆள், கால் கடுத்து, முட்டியில் கை ஊன்றி உட்கார்ந்தால் எப்படி முனகுமோ அப்படி. ஸ்டூலின் நடுப்பகுதி மெல்லக் குழிந்தது. நாலு கால்களும் வெளிப்பக்கம் விரிந்தன. பிறகு ஒரு பெருமூச்சு. வலிக்கிறவன் விடும் மூச்சு அல்ல. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கிறது, அதுவரை உட்காரலாம் என்று கணக்குப் போட்ட மூச்சு.

அந்த எட்டு நிமிஷத்தை ஜினியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னது நினைவில் இருந்தது. ஒன்றரை மணிக்கு யார் வருகிறார்கள் என்பதும் நினைவில் இருந்தது. தெரிந்துதான் சொன்னாள்.

“அண்ணே” என்றாள். “நீங்க மௌத்தாயிட்டீங்க. டிசம்பர் மாசம், ஊர்ல, உங்க வீட்டுலயே. இங்க எல்லாரும் மறைச்சுட்டாங்க. உங்களுக்கு டூட்டி கிடையாது அண்ணே. அஞ்சு மாசமா கிடையாது.”

சட்டி கொதித்தது. ஸ்டூல் குழிந்தபடியே இருந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஸ்டூலின் குழி நிமிர்ந்தது, அவசரமில்லாமல்.

சிவப்புச் சோற்றின் மேலிருந்த கனமூடி, இரண்டு ஆள் வேலை செய்கிற இடத்தில் ஒருத்தர் பாத்திரத்தை எடுப்பதுபோல, இயல்பாக மேலே எழுந்தது. ஜினி இமைக்கவே இல்லை, எல்லாவற்றையும் பார்த்தாள். மூடி காற்றில் ஒரு தடவை திரும்பியது. அடியில் தொங்கிய நீர்த்துளிகள் மேடையில் சொட்டின. பதினாலு வருடம் மூடாத சட்டியின் மேல் அது வந்து உட்கார்ந்தது. விளிம்பு சரியாகப் பொருந்தவில்லை. யாரோ கையால் சுற்றிலும் அழுத்தி, ஒரு பக்கம் இடைவெளி விடாமல் பொருத்தினார்கள். தம் போடும் பண்டாரி அழுத்துவதுபோல. அடக்கம் செய்தவர்கள் கடைசியாக மண்ணைத் தட்டிவிடுவதுபோல.

மூடிக்குள் ஆவி முட்டியது. அப்போதுதான் அவளுக்குத் தான் செய்தது உறைத்தது. ஓடிப்போய் மூடியை இழுத்தாள். கை சுட்டது, மூடி அசையவில்லை. இரண்டு கையாலும் துணி வைத்து இழுத்தாள். பெரிய கல்லை இழுப்பதுபோல் இருந்தது. தீயை அணைக்க மட்டும்தான் முடிந்தது.

மெஷின் மறுபடி சத்தம் போடும் என்று காத்திருந்தாள். போடவில்லை.

கலீல் வந்தபோது மூடியை ஒரு விரலால் தூக்கினார். வெள்ளை ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே மஞ்சள் சோறு குழைந்து, சாறு வற்றாமல், கிண்டாமலே கிண்டினதுபோல் இருந்தது.

“மூடி யாரு போட்டா?”

“நான் போடல.”

“என்னா சொன்னீங்கோ?”

“உள்ளதைச் சொன்னேன்.”

அவர் திட்டுவார் என்று நினைத்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். அவர் அப்படியே நின்று, வாய்க்குள் எதையோ முழுசாக ஓதி முடித்தார். ஓதிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தட்டு எடுக்கப் போனார்.

ஒன்றரைக்கு வந்தார்கள். அமெரிக்கர் தொப்பையும் தொப்பியுமாகச் சிவப்பை இரண்டு தட்டு சாப்பிட்டார். மஞ்சளில் ஒரு வாய் போட்டு, இதுவும் அதே ஜாதிதான், மிளகாய் கொஞ்சம் குறைவு என்று சிரித்தார். ஸ்பெயின்காரர் மெலிந்த மனுசன். கரண்டியை நேராகச் சட்டியின் அடிக்கு விட்டுச் சுரண்டினார். சுரண்ட எதுவும் இல்லை. ஒரு வாய் சாப்பிட்டார். கரண்டியைக் கீழே வைத்து, ஒரு நிமிஷம் கலீலின் முகத்தைப் பார்த்தார்.

“நல்ல சோறு” என்றார் இங்கிலீஷில், மரியாதையாக. “அவர்களுடையதைப் போலவே இருக்கிறது.”

“நான் சொன்னம்லா” என்றார் ஜெபசீலன் தமிழில்.

ஜினி ரிப்போர்ட்டை நீட்டினாள். அவர் படிக்காமல் மேசை டிரேயில் போட்டார்.

“சார், இன்னைக்கு மூடி போட்டதால இப்படி ஆச்சு. திறந்து வெச்சா இது வேற சோறு. இன்னொரு வெள்ளி குடுங்க.”

“தின்னவனே ஒண்ணுங்கான். ஆக்கினவன் பேசாம நிக்கான். ஒனக்கு என்ன பிள்ள நோவு? கேன்சல் லிஸ்ட்ல ஒன் பேரையும் சேத்து எழுதட்டா?”

அவள் வாயை மூடிக்கொண்டாள். சொல்லக்கூடாத இடத்தில் சொன்ன வாய், சொல்ல வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டது. அவளுக்கு ஆத்திரம் வந்தது தன்மேல்தான், வேறு யார் மேலும் இல்லை.

பதினோரு நாளில் விசா கேன்சல் ஆகி வந்தது. கௌஸ் முகைதீன், சமையல்காரர், நிரந்தரமாக வெளியேறுகிறார் என்று முத்திரை குத்திய பாஸ்போர்ட்டை பாஸ்கர் கொண்டுவந்து கொடுத்தான். ஏர்போர்ட் வேன் சாயங்காலம் நாலு மணிக்குக் கிச்சன் வாசலில் வந்து நின்றது.

ஜினி வந்து நின்றாள்.

“என்னால போச்சுண்ணே” என்றாள்.

“உங்களால போகல. அவரு போகணும்னு நெனச்சாரு. அவரு பேருல வந்தவன் நான்தானே, நானும் கூடப் போகணும்.” அவர் சட்டைப்பையில் இருந்த பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “உம்மாகிட்ட என்னா சொல்றதுன்னுதான் தெரியல. அஞ்சு பொண்ணு. எனக்கு இனி என் பேருல ஒரு பாஸ்போர்ட்டு எடுக்கணும். அது வரைக்கும் ஊருல பிரியாணி போடுவேன்.”

வேனில் ஏறி, பின்சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார். பாஸ்கர் போர்வை மூட்டையைத் தூக்கிப் பக்கத்து இடத்தில் வைத்தான்.

“அங்க வைக்காதீங்கோ” என்றார் கலீல்.

“எடம் சும்மாதான பாய் கெடக்கு?”

“எங்கிட்ட குடுங்கோ.”

அவ்வளவு பெரிய மூட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கன்னம் வரை மறைந்தது. பக்கத்து இடம் காலியாக இருந்தது. வெயிலில் காய்ந்த ரெக்ஸின் வாடைக்கு நடுவே அந்த மணம் ஜினிக்கு வந்தது. பாஸ்கருக்கு வரவில்லை போலும்.

“பாத்துப் போங்க” என்றாள். கொஞ்சம் நிறுத்தி, “ரெண்டு பேரும்” என்றாள்.

பாஸ்கர் அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

“துஆச் செய்யுங்கோ தங்கச்சி” என்றார் கலீல்.

பாஸ்கர் வேன் கதவை இழுத்துச் சாத்தினான். சாத்தவில்லை. ஏதோ இடித்துத் திரும்பி வந்தது. குனிந்து பார்த்தான், ஒன்றும் இல்லை. கலீல் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டி, இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

இரண்டாம் தடவை கதவு சாத்தியது.